மல்டிகாஸ்டில் பாக்கெட் தொலைந்தால் எங்கே தேடுவது?

நேரலை வீடியோ ஒன்று மல்டிகாஸ்டில், அதாவது ஒரே ஓட்டத்தைப் பலருக்கும் சேர்த்து அனுப்பும் முறையில், பாக்கெட் எனும் சிறு தரவுப் பொதிகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது, ஒலி விட்டுவிட்டு வருகிறது. நெட்வொர்க்கைக் கவனிப்பவரிடம் சொன்னால், அவர் வீடியோ அனுப்பும் கணினிக்கு நூறு தடவை பிங் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுகூட விழவில்லையே, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலால் நமக்கு அதிகம் பயனும் இல்லை. பிங் ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்குப் போய்த் திரும்பும் யூனிகாஸ்ட். நம் வீடியோ வரும் வழி வேறு, அதை ஸ்விட்ச்சும் ரவுட்டரும் நடத்தும் விதமும் வேறு. பிங் சுத்தமாக இருக்கும்போதே மல்டிகாஸ்ட் முழுசாகச் செத்துக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த வழி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பாக்கெட் எங்கே விழுகிறது என்று தேட முடியும். அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு நகல், பல கிளைகள்

8 மெகாபிட் வீடியோவை 200 பேர் யூனிகாஸ்டில் பார்த்தால், அனுப்பும் கணினி 200 தனித்தனி நகல்களை வெளியே தள்ள வேண்டும். மொத்தம் 1,600 மெகாபிட். ஒரு கிகாபிட் கார்டு தாங்காது. மல்டிகாஸ்டில் அனுப்புபவர் ஒரே ஒரு நகலைத்தான் அனுப்புகிறார். வழி பிரியும் இடத்தில் ஸ்விட்ச்சோ ரவுட்டரோ அதை நகலெடுத்து, கேட்டவர்கள் இருக்கும் பக்கம் மட்டும் அனுப்புகிறது. வரைந்து பார்த்தால் அது ஒரு மரம். அனுப்புபவர் வேர், பெறுபவர்கள் இலைகள்.

சேருமிடமாக எழுதப்படுவது எந்தக் கணினியின் முகவரியும் இல்லை, ஒரு குழுவின் முகவரி. ஐபி நான்காம் பதிப்பில் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் உள் நெட்வொர்க்குக்குள் பயன்படுத்த 239 என்று தொடங்கும் முகவரிகளை எடுத்துக்கொள்வது வழக்கம். "239.1.1.1 குழுவில் என்னைச் சேர்" என்று ஒரு கணினி தன் நெட்வொர்க்குக்குச் சொல்லும் மொழிதான் ஐஜிஎம்பி. ஸ்டீவ் டீரிங் எழுதி 1989-இல் வெளியான ஆர்எஃப்சி 1112 என்ற இணையத் தர ஆவணம் இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டது. அதற்குப் பிறகு ஐஜிஎம்பியின் இரண்டாம், மூன்றாம் பதிப்புகள் வந்துவிட்டன, அடிப்படை மாறவில்லை.

இதில் ஒரு விஷயத்தை மனதில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். தன் பாக்கெட் யாருக்குப் போகிறது, எத்தனை பேருக்குப் போகிறது என்று அனுப்புபவருக்குத் தெரியாது. ஆகவே விழுந்ததும் தெரியாது. சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் டிசிபி முறையில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பெறுபவர் கேட்க, அனுப்புபவர் மறுபடி அனுப்புவார், வேகத்தையும் குறைத்துக்கொள்வார். ஆயிரம் பேர் ஆளுக்கொன்றாக "எனக்கு 512 வரவில்லை" என்று கேட்க ஆரம்பித்தால் அனுப்புபவர் என்ன செய்வார்? அதனால் மல்டிகாஸ்ட், அப்படிச் சரிபார்க்காத யூடிபி மேல்தான் ஓடுகிறது. போனது போனதுதான். நெரிசல் வந்தாலும் அனுப்பும் வேகம் குறையாது.

இழப்பு எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. டிவி வகை வீடியோ 188 பைட் துண்டுகளாக வரும். ஏழு துண்டுகளைச் சேர்த்து 1,316 பைட்டாக ஒரு யூடிபி பாக்கெட்டில் வைப்பார்கள். 10 மெகாபிட் ஓட்டத்தில் நொடிக்குச் சுமார் 950 பாக்கெட். 0.1 சதவீத இழப்பு என்றால் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று. வெப் பக்கம் திறப்பவருக்கு 0.1 சதவீதம் கண்ணுக்கே தெரியாது. வீடியோ பார்ப்பவருக்கு நொடிக்கொரு சிதறல்.

யாருக்குத் தொலைந்தது?

புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை சதவீதம் போகிறது?" என்பதைத்தான். என்னைக் கேட்டால், அதைவிடப் பலமடங்கு பயனுள்ள கேள்வி "யார் யாருக்குப் போகிறது?" என்பது. ஒரே பாக்கெட்தான் எல்லாருக்கும் வருகிறது. அப்படியானால் ஒரு குறிப்பிட்ட பாக்கெட் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒப்பிட்டாலே மரத்தின் எந்தக் கிளையில் விழுந்தது என்று தெரிந்துவிடும். யூனிகாஸ்டில் இந்த வசதி கிடையாது.

ஒப்பிட வரிசை எண் வேண்டும். ஓட்டம் ஆர்டிபியில் (நேரலை ஒலி, படம் அனுப்பும் நெறிமுறை) இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் 16 பிட் எண் இருக்கும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலின் டெலிபோனி மெனுவில் ஆர்டிபி பகுதிக்குப் போனால் எத்தனை தொலைந்தது, எந்த இடத்தில் தாவியது என்று அதுவே சொல்லிவிடும்.

இப்படி வைத்துக்கொள்வோம். அ, ஆ என்ற இரண்டு ரிசீவர்கள் முதல் ஸ்விட்ச்சில், இ, ஈ என்ற இரண்டும் இரண்டாவது ஸ்விட்ச்சில். இரண்டு ஸ்விட்ச்சும் ஒரு மைய ஸ்விட்ச்சில் சேர்கின்றன, அனுப்புபவரும் அங்கேதான். நான்கு கணினியிலும் ஒரே நேரத்தில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்க்கிறோம். அ-வில் இல்லாத எண்கள்: 41207, 41208, 41950. ஆ-விலும் அதே மூன்று. இ-யில் 41950 மட்டும் இல்லை. ஈ-யில் 41950 இல்லை. அதோடு 42313 முதல் 42390 வரை ஒரு கொத்தே காணோம்.

இதைப் படிப்பது எளிது. 41950 நான்கு பேருக்குமே வரவில்லை, ஆகவே அது கிளை பிரிவதற்கு முன்பே விழுந்திருக்கிறது: அனுப்பும் கணினி, அதன் கேபிள், அல்லது மைய ஸ்விட்ச்சுக்குள் அது நுழையும் போர்ட். 41207, 41208 அ-வுக்கும் ஆ-வுக்கும் மட்டும் இல்லை, ஆகவே மைய ஸ்விட்ச்சிலிருந்து முதல் ஸ்விட்ச்சுக்குப் போகும் இணைப்பைப் பாருங்கள். ஈ-யின் கொத்து ஈ-க்கு மட்டும் போனது. அதன் போர்ட், கேபிள், அல்லது ஈ என்ற கணினியேதான். ஒரு கட்டமைப்பையும் தொடாமல், எந்த ஸ்விட்ச்சுக்குள்ளும் லாகின் செய்யாமல், மூன்று தனித்தனிக் கோளாறுகளைப் பிரித்துவிட்டோம். மூன்றையும் கூட்டி "மொத்த இழப்பு இத்தனை சதவீதம்" என்று ஒரு எண்ணாக்கியிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. 16 பிட் எண் 65535-க்குப் பிறகு மறுபடி 0-விலிருந்து தொடங்கும். நொடிக்கு 950 பாக்கெட் என்றால் 69 நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆகவே கணினிகளின் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு, எண்ணையும் நேரத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். ஆர்டிபி இல்லாமல் வெறும் டிவி துண்டுகளாக வந்தால் ஒவ்வொரு துண்டிலும் 4 பிட் எண்தான் இருக்கும். 16-க்கு ஒருமுறை சுற்றுவதால், ஒரே சேனலின் துண்டுகள் சரியாக 16 தொடர்ந்து தொலைந்தால் எண் தாவியதே தெரியாது! உண்மையான ஓட்டத்தைத் தொட முடியாதபோது ஐபெர்ஃப் என்ற சோதனை நிரலின் இரண்டாம் பதிப்பை வைத்து ஒரு சோதனைக் குழுவுக்கு யூடிபி அனுப்பிப் பார்க்கலாம். விழுந்த எண்ணிக்கையை ரிசீவர் பக்கத்திலேயே காட்டும். மூன்றாம் பதிப்பில் மல்டிகாஸ்ட் இல்லை, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒருவருக்கு மட்டும் என்றால், கணினியைச் சந்தேகியுங்கள்

ஒரே ஒரு ரிசீவருக்கு மட்டும் இழப்பு என்றால் பெரும்பாலும் நெட்வொர்க் தன் வேலையைச் செய்து முடித்திருக்கும். பாக்கெட் கணினியின் வாசல் வரை வந்து, உள்ளே விழுந்திருக்கும்.

நெட்வொர்க் கார்டு பாக்கெட்டை வாங்கி, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கொடுக்கிறது. கெர்னல் அதை அந்த நிரலுக்கான ரிசீவ் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் போடுகிறது. நிரல் வந்து எடுக்க வேண்டும். எடுக்கத் தாமதமானால் பஃபர் நிரம்பும். நிரம்பியபின் வருவதெல்லாம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். பல லினக்ஸ் கணினிகளில் இந்தப் பஃபரின் இயல்பான அளவு 212,992 பைட். 10 மெகாபிட் ஓட்டத்துக்கு அது கணக்குப்படி 170 மில்லிசெகண்ட் தாங்கும். பாக்கெட்டோடு சேர்த்துத் தன் நிர்வாகச் சுமையையும் கெர்னல் இதே கணக்கில் எழுதிக்கொள்வதால், உண்மையில் இன்னும் சீக்கிரமே நிரம்பிவிடும். நிரல் ஒரு கோப்பை டிஸ்க்கில் எழுதப் போய் கால் நொடி அங்கேயே நின்றுவிட்டால் போதும், ஒரு கொத்து காலி. ஈ-யில் 42313 முதல் 42390 வரை தொடர்ச்சியாகப் போனதே, அப்படித் தொடர்ச்சியாகப் போவதுதான் பஃபர் நிரம்பியதன் கைரேகை. மோசமான கேபிள் அப்படிச் செய்யாது. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று உதிர்க்கும்.

சரி, உறுதிப்படுத்துவது எப்படி? நெட்ஸ்டாட் கட்டளையில் யூடிபி புள்ளிவிவரத்தைக் கேட்டால் 'ரிசீவ் பஃபர் எரர்ஸ்' என்று ஒரு வரி வரும். அந்த எண் கணினி ஓட ஆரம்பித்ததிலிருந்து சேர்ந்த மொத்தம். ஆகவே ஒருமுறை பார்த்து மிரள வேண்டாம். குறித்துக்கொள்ளுங்கள், படம் சிதறும் வரை காத்திருங்கள், மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் ஆள் அகப்பட்டான். எல்லாக் கவுன்டருக்கும் இதே விதிதான். எண்ணைவிட எண் ஏறுவதே முக்கியம்.

தீர்வு, பஃபரைப் பெரிதாக்குவது. இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நிரல் "எனக்கு 8 மெகாபைட் பஃபர் கொடு" என்று கேட்கலாம். ஆனால் கெர்னலில் தனியாக ஒரு உச்ச வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் கெர்னல் பிழை எதுவும் சொல்லாது, வரம்பு வரை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். நிரலை எழுதியவர் கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார். ஆகவே கெர்னல் வரம்பை உயர்த்திய பிறகுதான் நிரலின் அமைப்பைத் தொட வேண்டும்.

இதற்கு ஒரு படி கீழே, கார்டின் சொந்த வரிசையும் நிரம்பலாம். ஈத்டூல் கட்டளை காட்டும் கார்டு புள்ளிவிவரத்தில் 'மிஸ்ட்', 'நோ பஃபர்' என்ற சொற்கள் வரும் வரிகள் ஏறுகின்றனவா என்று பார்த்து, ஏறினால் ரிங் எனப்படும் அந்த வரிசையின் அளவைக் கூட்டலாம். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்) ஏறினால் கேபிளை மாற்றுங்கள். அதில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை.

அப்புறம் டிசிபிடம்ப், கார்டுக்கு வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டுவது. இந்தக் கருவி உண்மையைத்தான் சொல்லும், ஆனால் கேட்கத் தெரிந்தவரிடம் மட்டும். முதலாவது, டிசிபிடம்ப் தானாக எந்தக் குழுவிலும் சேராது. நிரலை நிறுத்திவிட்டு டிசிபிடம்ப்பை மட்டும் ஓட்டினால், கேட்பவர் இல்லை என்று ஸ்விட்ச் அனுப்புவதையே நிறுத்திவிடும். நீங்கள் "ஒன்றுமே வரவில்லை" என்று தவறான முடிவுக்கு வருவீர்கள். இரண்டாவது, அது கார்டை எல்லாவற்றையும் வாங்கும் நிலைக்கு மாற்றிவிடும். அதனால் டிசிபிடம்ப் ஓடும்போது மட்டும் வீடியோ ஓடி, நிறுத்தினால் நிற்கும் விசித்திரமும் நடக்கும். அப்படி நடந்தால் கார்டின் மல்டிகாஸ்ட் வடிகட்டியைச் சந்தேகியுங்கள். மூன்றாவது, அது பாக்கெட்டைப் பார்க்கும் இடம் ஃபயர்வாலுக்கும் ஐபி சோதனைகளுக்கும் முன்னால். டிசிபிடம்ப்பில் எல்லாம் தெரிகிறது, நிரலுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் குற்றவாளி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அப்படி நடுவில் இருப்பவற்றில் அதிகம் ஆட்டம் காட்டுவது லினக்ஸின் ரிவர்ஸ் பாத் ஃபில்டர். கணினியில் இரண்டு கார்டு: ஒன்று பொது நெட்வொர்க்குக்கு, இன்னொன்று வீடியோவுக்கு. வீடியோ கார்டில் ஒரு பாக்கெட் வருகிறது. "இதை அனுப்பியவருக்கு நான் பதில் போட வேண்டுமென்றால் எந்தக் கார்டு வழியாகப் போவேன்?" என்று கெர்னல் தன் ரவுட்டிங் அட்டவணையைப் பார்க்கிறது. பொதுக் கார்டு என்று பதில் வந்தால், முகவரி போலி என்று முடிவுகட்டித் தூக்கிப் போட்டுவிடுகிறது. அனுப்புபவரின் நெட்வொர்க்குக்கு வீடியோ கார்டு வழியாக ஒரு ரூட் சேர்த்தால் தீர்ந்துவிடும். அல்லது அந்தச் சோதனையைத் தளர்த்தலாம். இது சதவீதக் கணக்கில் உதிராது. ஒன்று முழுசாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது.

4 நிமிடம் 20 நொடி

ஒருமுறை என்னிடம் வந்த புகார் இது: "வீடியோ நன்றாக ஓடும், திடீரென்று நின்றுவிடும். பிளேயரை மூடித் திறந்தால் சரியாகிவிடும்." அங்கிருந்தவர்கள் பிளேயர் மென்பொருளையே இரண்டு தடவை மாற்றிவிட்டிருந்தார்கள். எத்தனை நேரம் கழித்து நிற்கிறது என்று கேட்டேன், யாரும் அளந்திருக்கவில்லை. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 4 நிமிடம் 20 நொடி. மூடித் திறந்தோம். மறுபடியும் 4 நிமிடம் 20 நொடி. அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்விட்ச் ஒன்றும் கவனிக்காமல் இருந்தால் மல்டிகாஸ்ட் பாக்கெட்டை எல்லாப் போர்ட்டுக்கும் தெளித்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். கணினிகள் "என்னைச் சேர்" என்று சொல்வதை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டு, எந்தப் போர்ட்டில் யார் கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, அங்கே மட்டும் அனுப்புகிறது. ஆனால் அந்தக் குறிப்பை எத்தனை நாள் வைத்திருப்பது? கேட்டவர் கணினியை அணைத்துவிட்டுப் போயிருக்கலாமே. அதனால் குறிப்புக்கு ஆயுள் உண்டு. நெட்வொர்க்கில் ஒரு சாதனம், வழக்கமாக ரவுட்டர், 125 நொடிக்கு ஒருமுறை "இன்னும் யாராவது கேட்கிறீர்களா?" என்று குரல் கொடுக்க வேண்டும். அதன் பெயர் க்வெரியர். கணினிகள் 10 நொடிக்குள் "ஆமாம்" என்று சொல்லும், குறிப்பு புதுப்பிக்கப்படும். இரண்டு கேள்வி இடைவெளி, அதோடு பதிலுக்கான 10 நொடி: 125, 125, 10. மொத்தம் 260 நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் குறிப்பு அழிந்துவிடும்.

அந்த நெட்வொர்க்கில் ஸ்னூப்பிங் ஓடியது, க்வெரியர் இல்லை. கேள்வி கேட்க ஆளில்லாததால் பதில் சொல்லவும் ஆளில்லை. பிளேயர் திறக்கும்போது அனுப்பும் முதல் "சேர்" மட்டும்தான் ஸ்விட்ச்சுக்குத் தெரியும். 260 நொடியில் அது மறந்துவிடும். ஸ்விட்ச்சிலேயே க்வெரியரை இயக்கினோம், அத்துடன் முடிந்தது. இந்த நேரங்களின் இயல்பான மதிப்பு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், 260 வராமல் வேறு ஒன்று வரலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில் நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இதே நோய் ஒரு கணினிக்கு மட்டும் வந்தால்? மற்றவர்களுக்கெல்லாம் ஓடுகிறது, ஒருவருக்கு மட்டும் சில நிமிடத்தில் நிற்கிறது என்றால் க்வெரியர் இருக்கிறது, அதன் கேள்வி அந்தக் கணினியின் காதில் விழவில்லை. அந்தக் கணினியின் ஃபயர்வாலில் ஐஜிஎம்பி தடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மறுபடியும் "யாருக்கு?" என்ற கேள்வியே வழிகாட்டுகிறது.

இன்னொரு வேடிக்கை. ஒரு ஸ்விட்ச் போர்ட்டுக்குப் பின்னால் சின்ன ஸ்விட்ச் ஒன்றை மாட்டி இரண்டு பேர் பார்க்கிறார்கள். பெரிய ஸ்விட்ச்சில் 'ஃபாஸ்ட் லீவ்' என்ற வசதி இயங்குகிறது: ஒருவர் குழுவை விட்டு விலகியதும், வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்காமல் அந்தப் போர்ட்டுக்கு அனுப்புவதை உடனே நிறுத்திவிடும். முதலாமவர் சேனல் மாற்றுகிறார், இரண்டாமவருக்குப் படம் நிற்கிறது. போர்ட்டுக்கு ஒரு ரிசீவர் என்று உறுதியாக இருக்கும் இடத்தில் மட்டுமே அந்த வசதியைப் போட வேண்டும்.

ஸ்விட்ச்சுக்குள் நெரிசல்

பலருக்கு ஒரே நேரத்தில், ஒரே கிளையில் இழப்பு என்றால் ஸ்விட்ச்சின் போர்ட் கவுன்டர்களைப் பாருங்கள். வெளியே போகும் பக்கத்தில் 'டிஸ்கார்ட்' அல்லது 'அவுட்புட் டிராப்' ஏறுகிறதா? ஏறினால் வந்த வேகத்தில் வெளியேற்ற முடியவில்லை என்று அர்த்தம்.

"ஆனால் போர்ட்டில் 30 சதவீதம்தானே ஓடுகிறது, எப்படி நிரம்பும்?" என்று கேட்பார்கள். அந்த 30 சதவீதம் ஐந்து நிமிடச் சராசரி. எட்டு கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட், எல்லாம் ஒரு கிகாபிட் இணைப்பில் வந்து 100 மெகாபிட் போர்ட்டில் இருக்கும் திரைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 32 மெகாபிட், தாராளமாகப் போகும். ஆனால் வீடியோ சீராக வருவதில்லை. அவ்வப்போது முழுப்படம் ஒன்றை அனுப்ப வேண்டும், அது மற்றவற்றைவிட மிகப் பெரியது. எட்டும் ஒரே கணத்தில் 150 கிலோபைட் முழுப்படம் அனுப்பினால் 1.2 மெகாபைட். கிகாபிட் வழியில் அது சுமார் 10 மில்லிசெகண்டில் உள்ளே வந்துவிடும். 100 மெகாபிட் வழியில் வெளியேற 96 மில்லிசெகண்ட் வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் ஒரு மெகாபைட்டுக்கு மேல் ஸ்விட்ச் எங்காவது வைத்திருக்க வேண்டும். மலிவான ஸ்விட்ச்களில் அத்தனை போர்ட்டுக்கும் சேர்த்தே நினைவகம் சில நூறு கிலோபைட்தான் இருக்கும். மீதி தரையில். இதைத்தான் மைக்ரோபர்ஸ்ட் என்கிறார்கள். போர்ட்டை வேகமானதாக்குவது ஒரு வழி. அனுப்பும் பக்கத்தில் பாக்கெட்டுகளை ஒரே மூச்சில் கொட்டாமல் இடைவெளி விட்டு அனுப்பச் செய்வது அதைவிட நல்ல வழி.

ஸ்டார்ம் கன்ட்ரோல் என்ற பாதுகாப்பையும் பார்த்துவிடுங்கள். மல்டிகாஸ்ட் இத்தனை சதவீதத்துக்கு மேல் வந்தால் வெட்டு என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருப்பார்கள். ஓட்டம் குறைவாக இருந்த வரை அதன் இருப்பே தெரியாது. புதிதாக இரண்டு சேனல் சேர்த்த நாளில் எல்லாச் சேனலும் சிதறும்.

பாக்கெட்டின் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. அனுப்பும் நிரல் 8 கிலோபைட்டை ஒரே யூடிபி செய்தியாக அனுப்பினால், 1,500 பைட் வழியில் அது ஆறு துண்டாகும். ஆறில் ஒன்று தொலைந்தாலும் முழுச் செய்தியும் போச்சு. 1 சதவீதத் துண்டு இழப்பு கிட்டத்தட்ட 6 சதவீதச் செய்தி இழப்பாக ஊதிப்பெருகும். 1,316 பைட் என்ற அளவை டிவிக்காரர்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை.

ரவுட்டரும் வைஃபையும்

ரவுட்டர் தாண்டினால் ஒன்றுமே வரவில்லை, ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும் ஓடுகிறது என்றால் முதலில் டிடிஎல் பாருங்கள். ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும் எண் அது, பூஜ்யமானால் பாக்கெட் அங்கேயே நின்றுவிடும். மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு நிரல்கள் இயல்பாக வைக்கும் டிடிஎல் 1. முதல் ரவுட்டரே அதைக் கொன்றுவிடும். அது சரியாக இருந்தால் அடுத்தது ஆர்பிஎஃப் சோதனை: லினக்ஸ் கணினி கேட்ட அதே கேள்வியை ரவுட்டரும் கேட்கும். அனுப்புபவரிடம் திரும்பிப் போகும் வழியும் பாக்கெட் வந்த வழியும் ஒன்றாக இல்லாவிட்டால் வாங்க மறுக்கும். யூனிகாஸ்ட் வழி மாறும்போதெல்லாம் மல்டிகாஸ்ட் ஒரு கணம் அறுந்து ஒட்டுவதற்கும் இதுவே காரணம்.

வைஃபையில் சிதறுகிறது என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். வைஃபை யூனிகாஸ்டில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் "வந்தது" என்று ஒப்புதல் உண்டு, வராவிட்டால் மறுபடி அனுப்பும். குழுவுக்கு அனுப்பும் பாக்கெட்டுக்கு ஒப்புதலும் இல்லை, மறுமுயற்சியும் இல்லை. போதாதற்கு, எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதால் மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில் அனுப்பும். 300 மெகாபிட் என்று பெருமையடிக்கும் அக்சஸ் பாயின்ட் மல்டிகாஸ்டை 6 மெகாபிட்டில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அக்சஸ் பாயின்ட்டில் மல்டிகாஸ்டை யூனிகாஸ்டாக மாற்றி அனுப்பும் வசதி இருந்தால் போடுங்கள். பெறுபவர் சிலர்தான் என்றால் அதுவே போதும்.

தொலையாமலே தொலைந்ததாகத் தெரிவது

எண்கள் தாறுமாறாகத் தாவுகின்றன: 5012, 5013, 38840, 5014, 38841. கருவி "ஆயிரக்கணக்கில் இழப்பு" என்று அலறுகிறது. உண்மையில் ஒன்றும் தொலையவில்லை; இரண்டு பேர் ஒரே குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் மாற்று என்கோடர் ஒன்றைச் சோதனைக்குப் போட்டு அணைக்க மறந்திருப்பார்கள். பாக்கெட்டில் அனுப்புபவர் முகவரி எத்தனை விதமாக இருக்கிறது என்று எண்ணினால் ஒரு நிமிட வேலை.

இதன் ஒன்றுவிட்ட சகோதரன் லினக்ஸில் உண்டு. ஒரே கணினியில் இரண்டு நிரல்கள் வெவ்வேறு குழுக்களை ஒரே போர்ட் எண்ணில் (ஸ்விட்ச்சின் போர்ட் இல்லை, யூடிபி பாக்கெட்டில் எழுதியிருக்கும் எண்) கேட்கின்றன. இரண்டும் முகவரி குறிப்பிடாமல் போர்ட்டை மட்டும் பிடித்திருக்கின்றன. இயல்பு அமைப்பில் அந்தக் கணினி சேர்ந்த இரண்டு குழுக்களின் பாக்கெட்டுகளும் இரண்டு நிரலுக்கும் போகும். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு போர்ட் எண் கொடுப்பதுதான் தலைவலியில்லாத வழக்கம். இன்னொன்று, ஒரு சாக்கெட் (நெட்வொர்க்கோடு பேச நிரல் திறக்கும் வாசல்) சேரக்கூடிய குழுக்களுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் இயல்பான வரம்பு 20. இருபது சேனல் ஓடி இருபத்தொன்றாவது மட்டும் வராவிட்டால் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள்.

குழு முகவரி தேர்வில் ஒரு நுணுக்கம். குழு முகவரியில் மாறக்கூடிய 28 பிட்டில் கடைசி 23 மட்டுமே ஈதர்நெட் கார்டுகளும் ஸ்விட்ச்களும் பார்க்கும் மேக் முகவரிக்குள் போகிறது. ஐந்து பிட் விடுபடுவதால் 32 குழுக்களுக்கு ஒரே மேக் முகவரி. 239.1.1.1-உம் 239.129.1.1-உம் கார்டின் கண்ணுக்கு ஒன்றுதான். 239.0.0.1, 239.128.0.1 போன்றவை இன்னும் மோசம். அவை 224.0.0.1-இன் மேக் முகவரியிலேயே போய் விழுகின்றன. அது எல்லாப் போர்ட்டுக்கும் போக வேண்டிய முகவரி. மேக் முகவரியை வைத்து அனுப்பும் ஸ்விட்ச்கள் உங்கள் வீடியோவையும் சேர்த்து எல்லாருக்கும் தெளித்துவிடும். அப்போது சம்பந்தமே இல்லாத ஒரு மெதுவான போர்ட் நிரம்பி, வேறு யாருடைய பாக்கெட்டோ விழும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் எப்போதாவது ஒன்று விழத்தான் செய்யும். அதையும் பொறுக்க முடியாத இடங்களில் கூடுதலாக எஃப்இசி பாக்கெட்டுகளை அனுப்புவார்கள். விழுந்த ஓரிரண்டை மற்றவற்றிலிருந்து ரிசீவரே கணக்கிட்டு மீட்டுக்கொள்ளும். உதிரி இழப்புக்கு அது நல்ல மருந்து. பஃபர் நிரம்பி எண்பது பாக்கெட் கொத்தாகப் போனால் அதனால் ஒன்றும் ஆகாது. பங்குச் சந்தை விலைத் தரவில் வேறு வழி: ஒரே தரவை அ, ஆ என்று இரண்டு குழுக்களில், இரண்டு தனிப் பாதைகளில் அனுப்புவார்கள். ரிசீவர் வரிசை எண்ணைப் பார்த்து முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும், ஒன்றில் விழுந்தது மற்றதில் கிடைத்துவிடும். இப்படி ஓர் ஏற்பாடு உங்களிடம் இருந்தால், இரண்டு பாதையிலும் விழுந்த எண்களைத் தனித்தனியாக எழுதி வைத்து அவ்வப்போது ஒப்பிடுங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வந்தால், தனிப் பாதைகள் என்று நீங்கள் நம்பியவை வழியில் எங்கோ ஒரே ஸ்விட்ச்சுக்குள் நுழைகின்றன.